மதினி தூங்கட்டும்

எதிர்வீட்டு அண்ணாச்சிக்குக் குடலில் புற்றுநோய். மதுரையில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றப் போய்வர வேண்டும். பல வருஷமாகக் கடலைமிட்டாய் வியாபாரம் செய்தவர் என்பதால் கோவில்பட்டியில் பாதிப் பேர் அவருக்குப் பழக்கம். பார்க்க வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை.

ஒருநாள் அவருடைய மனைவி என் தையல் கடைக்கு வந்தார். மதினி என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அண்ணாச்சி மெலிந்துவிட்டதால் இரண்டு சட்டைகளைப் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. நான் தைத்து முடிப்பதற்குள் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். எதிரே அவர் வீட்டு வாசலில் ஆட்டோ நின்று ஆட்கள் இறங்கவும் பதறி எழுந்தார்.

"காலையில இருந்து ஏழு பேருக்குச் சொல்லியாச்சு. வலி எப்ப வந்துச்சு, எந்த டாக்டரு, எல்லாம் முதல்ல இருந்து சொல்லணும்."

எனக்குச் சுருக்கென்றது. முதல் வாரம் நானும் அதையெல்லாம் ஒன்றுவிடாமல் கேட்டவள்தான்.

"இவியளுக்கு நான் சொல்லுதேன் மதினி. நீங்க போய்ப் படுங்க."

மறுநாளிலிருந்து மதியச் சாப்பாடு முடிந்ததும் கொக்கி தைக்க வேண்டிய ஜாக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டு முன்னறையில் போய் உட்கார்ந்துவிடுவேன். வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, நடந்ததைச் சொல்லி, ஐந்து நிமிஷம் அண்ணாச்சியைப் பார்க்கவிட்டு அனுப்பிவைப்பேன். மதினி அடுப்படியில் பாய் விரித்துத் தூங்குவார்.

ஒருவர் என்னிடம் குரலைத் தாழ்த்தி, "பொழச்சிக்கிடுவாவளா?" என்று கேட்டார்.

"மத்தியானம் ரசஞ்சோறு சாப்பிட்டாவ," என்றேன்.

அவர் போனதும் உள்ளிருந்து அண்ணாச்சி கூப்பிட்டார். அவ்வளவும் காதில் விழுந்திருக்கிறது. கோபிப்பார் என்று பயந்துகொண்டே போய் நின்றேன்.

"ரசஞ்சோறு நேத்துல்லா சாப்பிட்டேன். இன்னிக்கு ரெண்டு தோசை. சரியாச் சொல்லு தங்கச்சி."

அதன்பிறகு தினமும் நான் போனவுடன் அன்றைய நிலவரத்தை அவரே சொல்லிவிடுவார். வாந்தி எடுத்த நாளில், "தோசைய விட்டுரு. மோர் குடிச்சேன்னு மட்டும் சொல்லு," என்பார். சில நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். அன்றைக்கு யாரையும் உள்ளே விடமாட்டேன்.

கடைசி மருந்து ஏற்றி முடித்தபோது மழை விழுந்து கரிசலில் விதைப்பு நடந்துகொண்டிருந்தது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். ஆனாலும் சில வருஷம் விடாமல் பரிசோதனைக்குப் போக வேண்டுமாம்.

அடுத்த முகூர்த்தத்தில் ஓட்டப்பிடாரத்தில் ஒரு கல்யாணம். இருவரும் கிளம்பினார்கள். மதினி பட்டுச்சேலை கட்டியிருந்தார். அண்ணாச்சி பஸ்ஸில் ஜன்னலோரம்தான் உட்காருவேன் என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் புதூரிலிருந்து ஒரு சொந்தக்காரர் திராட்சைப் பையோடு வந்து, பூட்டிய கதவைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"கல்யாணத்துக்குப் போயிருக்காவ," என்றேன்.

"அவியளா?"

"அவியதான்."

அவர் சிரித்துவிட்டுப் பையை என் கையில் கொடுத்தார். "அப்ப இத நீங்களே சாப்பிடுங்க. நான் வாரேன்."