விண்கலமும் நெல் குவியலும்

போன சித்திரையில் நடந்தது இது. உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் வழியில் எங்கள் ஊர். அங்கே இருக்கும் நெல் கொள்முதல் நிலையத்தின் களத்தில், நவரைப் பட்டத்தில் விளைந்த நெல்லைக் கொட்டிவிட்டு எப்போது நம் முறை வரும் என்று காவல் காத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் விடிந்ததும் கம்பெனி வேனில் ஏறிப் போய்விடுவார். பிள்ளைகளுக்குப் பரீட்சை. ஆக, குவியலுக்குக் காவல் நான்தான்.

அந்தக் குவியலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பக்கத்துக் கழனியைக் குத்தகைக்கு எடுத்து, முதல்முறையாக நானே முன்னின்று வைத்த பயிர் அது. "பொம்பள தனியா பயிர் வெச்சி கரையேறுவாளா?" என்று புகுந்த வீட்டில் ஆளாளுக்குக் கேட்டிருந்தார்கள். நானும் வாய் சும்மா இல்லாமல், "பாருங்க, மூட்டை மூட்டையா போட்டுட்டு வரேன்" என்று சவால் விட்டுவிட்டேன். விளைந்தும் விட்டது. இனி எடை போடும்வரை நனையாமல் காப்பாற்ற வேண்டும். நனைந்தால் ஈரம் பார்க்கும் மெஷின் உடனே காட்டிக்கொடுத்துவிடும். மறுபடி காயவைத்து, மறுபடி வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும். ரொம்ப நனைந்தால் களத்திலேயே முளை விட்டுவிடும். அப்புறம் நான் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது?

காவல் என்றால் பெரிய வேலை ஒன்றுமில்லை. ஆடு மாடு வந்தால் விரட்ட வேண்டும், அவ்வளவுதான். பொழுது போகாது. அதற்குத்தான் போனில் என் விண்கலம் இருந்தது.

நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் ஒரு தொடர் வரும். வெளிநாட்டுத் தொடர், தமிழில் பேசவைத்திருப்பார்கள். பூமியில் இருக்க முடியாமல் கிளம்பிய கொஞ்சம் பேர், குடியிருக்க ஒரு கிரகம் தேடி விண்கலத்தில் அலைவார்கள். அவர்கள் பேசும் தமிழ் இருக்கிறதே, எங்கள் தமிழய்யாவே தோற்றுப்போவார். எரிகல் வந்தாலும் சரி, எதிரி வந்தாலும் சரி, ஒருவர் "தளபதி அவர்களே, ஆபத்து நெருங்குகிறது!" என்பார். தளபதி மீசை துடிக்க "கவசத்தை விரியுங்கள்!" என்று முழங்குவார். உடனே கலத்தைச் சுற்றி நீலமாக ஒன்று குடைபோல விரியும். எங்கள் வீட்டில் அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு தலைக்குளியலுக்குக் கூப்பிட்டால், நானும் அக்காவும் "கவசத்தை விரியுங்கள்!" என்று கத்திக்கொண்டு போர்வைக்குள் புகுந்துகொள்வோம். அடியும் வாங்குவோம்.

கடைசி பாகம் வந்த அன்று, கலம் ஒரு கிரகத்தில் இறங்கிவிட்டது. எல்லாரும் கதவின் முன்னால் நிற்கிறார்கள். கதவு திறக்கப்போகிறது. கரண்ட் போய்விட்டது! திரும்பி வந்தபோது டிவியில் யாரோ கத்திரிக்காய் சாகுபடி பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று தெரியாமலே எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள்.

அந்தத் தொடரை என் பெண்தான் போனில் தேடிப் பிடித்துக் கொடுத்தாள். "கடைசிய மட்டும் பாத்துடேம்மா" என்றாள். பாயசத்தை முதலில் குடித்துவிட்டா சாப்பிட உட்காருவார்கள்? முதலிலிருந்து வரிசையாகப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். இப்போது பார்த்தால் கலத்தின் சுவரெல்லாம் தெர்மாகோல் என்று தெரிகிறது. ஒரு காட்சியில் தளபதியின் ஒட்டுமீசை ஒருபக்கமாக ஏறிக்கிடக்கிறது. ஆனாலும் ஆரம்ப இசை வந்ததும் எனக்குப் புல்லரித்துவிடும். வெட்கப்படாமல் சொல்கிறேன், விசிலும் அடித்தேன்.

களத்தில் எனக்கு வாய்த்த பக்கத்துக் குவியல்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். சிரித்தால் காசு கேட்பார்கள் என்ற பயமோ என்னவோ, எப்போதும் கடுகடுதான். வந்த அன்றே என்னோடு சண்டை. "இந்தாம்மா, உன் நெல்லு என் எடத்துல வருது. அந்தாண்ட தள்ளு" என்றார். தள்ளினேன். போதாதென்று இரண்டு குவியலுக்கும் நடுவே சாம்பலால் ஒரு கோடும் போட்டார். அந்த மண்டை பிளக்கும் வெயிலில் தன் குவியலைப் பெரிய லாரித் தார்ப்பாயால், அதுவும் இரண்டாக மடித்து, மூடி வைத்திருந்தார். சுற்றிலும் கல் வேறு.

"சித்திரை வெயில்ல நெல்லுக்குப் போர்வையாண்ணா?" என்று கேட்டுவிட்டேன்.

"வானத்த நம்பி உக்காந்தா வூடு போய்ச் சேர முடியாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என்னிடமும் ஒரு தார்ப்பாய் இருந்தது. அதை வைத்து நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். வெயிலில் போன் திரையே தெரியவில்லை. தளபதியின் முகத்துக்குப் பதில் என் முகம்தான் தெரிந்தது. மூட்டை தூக்கும் அண்ணன் ஒருவர் யோசனை சொன்னார். நாலு மூங்கில் நட்டு, தார்ப்பாயை மேலே இழுத்துக் கட்டி, பக்கமெல்லாம் தொங்கவிட்டால் உள்ளே இருட்டாகிவிடும் என்றார். அவரே கட்டியும் கொடுத்தார். மூட்டை வாய் கட்டுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். கூலியாக அவரும், களத்தில் சிந்தியதைக் கூட்டி அள்ளும் அவர் மனைவியும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார்கள். நெல்லுக்கு வாங்கிய தார்ப்பாய் எங்களுக்கு சினிமா கொட்டகை ஆகிவிட்டது. நெல் வெளியே காய்ந்துகொண்டிருந்தது.

பக்கத்துக்காரர் முதலில் எங்களைப் பைத்தியங்கள் என்றார். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே உட்கார்ந்தார். காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது. ஒருநாள் வெளியிலிருந்தே குரல் வந்தது.

"அத்தினி வருசமா பறந்துக்கினே கீறானுங்களே, சோறு யாரு ஆக்குறது?"

"மாத்திரை சாப்டுவாங்கண்ணா."

"மாத்திரையா? அதான் ஒருத்தன் மூஞ்சிலயும் களையே இல்ல."

அடுத்த பாகத்துக்குக் கொட்டகை வாசல் வரை வந்தார். அதற்கடுத்த பாகத்துக்கு நடுவில் நல்ல இடமாகப் பார்த்து அவரே உட்கார்ந்துகொண்டார். அதன் பிறகு ஒரே கேள்விதான். "போறவனுங்க வெத நெல்லு எடுத்துக்கினு போனானுங்களா இல்லியா? அத்தக் காட்டவே மாட்றானே!" கிரகம் கிடைத்தாலும் விதை இல்லாமல் என்ன செய்வார்கள் என்பது அவருக்கு உண்மையான கவலை. "கவசத்தை விரியுங்கள்!" என்று வரும்போதெல்லாம் மட்டும் தலையை ஆட்டுவார். "இந்தாளு வெவரமானவன்."

கடைசி பாகம் பார்த்த அன்று லாரி வரவில்லை என்று எடை போடுவது நின்றிருந்தது. மற்றவர்கள் தங்கள் குவியலை மூடிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் நாலு பேரும் கொட்டகைக்குள் உட்கார்ந்தோம். கலம் இறங்குகிறது. எல்லாரும் கதவை நோக்கி நடக்கிறார்கள். அப்போது மூட்டை தூக்கும் அண்ணன் சொன்னார்.

"இன்னிக்கிதான் படம் சூப்பரா தெரியுது, இல்ல?"

ஆமாம், பளிச்சென்று தெரிந்தது. வெளிச்சம் குறைந்ததால் தெரிகிறது என்றோ, மத்தியானத்தில் வெளிச்சம் ஏன் குறைய வேண்டும் என்றோ நாலு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லாரும் சந்தோஷமாகத் தலையாட்டினோம்.

காற்று வந்து கொட்டகையை ஒரு உலுக்கு உலுக்கியபோதுதான் வெளியே ஓடிவந்தேன். ஏரிப் பக்கம் வானம் கன்னங்கரேலென்று இருந்தது. ஒரு சொட்டு புறங்கையில் விழுந்தது. புளியங்கொட்டை அளவு இருக்கும். என் நெல் அத்தனையும் திறந்து கிடக்கிறது. என் தார்ப்பாயோ தலைக்கு மேலே, இழுக்க இழுக்க இறுகும் முடிச்சில் தொங்குகிறது. அண்ணன் பல்லால் கடித்து இழுத்தார். முடிச்சு அசையவில்லை. காற்று தார்ப்பாயை உப்பவைத்து மூங்கிலோடு சேர்த்து ஆட்டியது. புகுந்த வீட்டு முகங்கள் ஒவ்வொன்றாகக் கண்முன்னே வந்து நின்றன. அழுதுவிட்டேன்.

அப்போது பின்னாலிருந்து ஒரு முழக்கம்.

"கவசத்த விரிங்க!"

பக்கத்துக்காரர்! தன் குவியல் மேல் ஏறி நின்று, தளபதியைப் போலவே கையை நீட்டிக் கத்துகிறார். ஒரு கணம் எங்கள் மூன்று பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவர் குனிந்து தன் தார்ப்பாயின் மேல் மடிப்பைப் பிடித்து உதறியதும் புரிந்துவிட்டது. மடித்ததை விரித்தால் அது இரண்டு குவியலுக்கும் எட்டும். ஓடினோம். கல்லைத் தள்ளினோம். ஆளுக்கொரு மூலையைப் பிடித்து இழுத்தோம். அவர் போட்ட சாம்பல் கோட்டைத் தாண்டி அவருடைய தார்ப்பாய் என் நெல்மேல் வந்து படுத்தது. நாலு பக்கமும் கல் வைத்து முடிப்பதற்கும் மழை கொட்டுவதற்கும் சரியாக இருந்தது.

ஆனால் இரண்டு குவியலுக்கும் நடுவில் பள்ளம். அங்கே தண்ணீர் தேங்கினால் பாரத்தில் தார்ப்பாய் கிழிந்துவிடும். "உள்ள பூந்து தாங்குங்க!" என்றார். நெல் தள்ளும் பலகையை நட்டு முட்டுக் கொடுத்து, அதுவும் போதாமல் நாலு பேரும் அந்தச் சந்தில் குந்தி, தலையால் தார்ப்பாயைத் தாங்கிக்கொண்டோம். மேலே மழை தடதடவென்று அடிக்கிறது. உள்ளே கும்மிருட்டு, நெல் வாசனை. கொஞ்ச நேரம் கழித்து இருட்டிலிருந்து அவர் குரல்.

"எம்மா, போன் எங்க? கதவு தொறந்துச்சா இல்லியா?"

முந்தானையில் முடிந்திருந்த போனை எடுத்தேன். நாலு தலையும் ஒன்றாக முட்டிக்கொண்டன. கதவு மெல்லத் திறந்தது. கதை அளக்கிறேன் என்று நினைப்பீர்கள், ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அங்கேயும் மழை! வருஷக்கணக்காகக் கலத்திலேயே கிடந்து மழையையே மறந்துவிட்ட அந்த ஜனங்கள் வாசலில் மிரண்டு நிற்கிறார்கள். ஒருவர் வழக்கம்போல "ஆபத்து நெருங்குகிறது!" என்கிறார். தளபதி கையை வெளியே நீட்டி, விழும் துளியைப் பார்த்துச் சிரித்து, "கவசம் வேண்டாம்" என்கிறார். எல்லாரும் மழையில் இறங்கி ஆடுகிறார்கள். இத்தனை வருஷம் காத்திருந்ததற்கு இது போதும் என்று இருந்தது.

பக்கத்துக்காரர் மட்டும் பெருமூச்சு விட்டார். "அவனுக்கு இன்னா, ஆடுவான். அவன் நெல்லா நனையுது?"

அவ்வளவுதான். முதலில் மூட்டை தூக்கும் அண்ணனின் மனைவி சிரித்தார், பிறகு நான், பிறகு எல்லாரும். சிரித்த சிரிப்பில் தலை ஆடி, தார்ப்பாயில் தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் ஓரமாக வழிந்து அந்த அண்ணன் முதுகில் கொட்டியது. அதற்கும் சிரித்தோம். அந்தக் கடுகடு மனிதர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

மழை விட்டதும் பார்த்தால், என் குவியலின் ஓரத்தில் கொஞ்சம்தான் நனைந்திருந்தது. மறுநாள் வெயிலில் அதுவும் காய்ந்தது. மெஷினும் வாயை மூடிக்கொண்டது. சொன்ன சொல் தவறாமல் மூட்டை மூட்டையாகப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். எடைக்கு அள்ளும்போது பார்த்தால், நாங்கள் உட்கார்ந்திருந்த சந்தில் சாம்பல் கோடு இருந்த இடமே தெரியவில்லை. இரண்டு பேர் நெல்லும் காலடியில் சரிந்து ஒன்றாகக் கலந்து கிடந்தது. அவர் பார்த்தார். "எது உன்னுது எது என்னுதுன்னு யாரு பொறுக்கிக்கினு கீறது? ஆளுக்குப் பாதி அள்ளு, தங்கச்சி" என்றார். அதுவரை என்னை அவர் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

இப்போதும் ஏரிப் பக்கம் மேகம் திரண்டால் அவரிடமிருந்து போன் வந்துவிடும். நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது. எடுத்ததும் "தங்கச்சி, கவசம்?" என்பார். "விரிச்சாச்சு, தளபதி அவர்களே" என்பேன். பாதி நாள் வெளியே காயவைக்க ஒன்றுமே இருக்காது, இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன். அந்தக் கடைசி பாகத்தை வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்திருந்தால் ஒரு கதை முடிந்தது என்று போனைக் கீழே வைத்திருப்பேன்; நாலு பேர் தலையால் தாங்கிய தார்ப்பாய்க்குள் பார்த்ததால், வானம் கறுக்கும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் பயத்துக்கு முன்னால் சிரிப்பு வருகிறது.