அணுவுக்கு முன்னேற்பாடாக ஒரு கம்பம்

இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், மரம் வெட்டும் வேலை கிடைத்ததால் சில மாதங்கள் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் ஓர் அறையில் தங்கியிருந்தேன். கூரை ஒழுகும், மண்ணெண்ணெய் விளக்கு அணையும். அதெல்லாம் எல்லாத் தோட்டத்திலும் உள்ளதுதான். பக்கத்துக் காம்பராவில் இருந்த அக்கா குவைத்தில் வீட்டுவேலை செய்துவிட்டு ஒரு கிரைண்டரோடு திரும்பியிருந்தார். லயத்துக்குக் கரண்ட் வந்தால் தோசை மாவு அரைத்து விற்கலாம். வராவிட்டால் மறுபடியும் குவைத். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் அவர் பதிலுக்குக் காத்திருந்தான்.

அந்தச் சமயத்தில்தான் கரண்ட் கம்பம் வரப்போகிறது என்றார்கள். வாங்கிக் கொடுத்தது எதிர்த் தொழிற்சங்கம். அன்றிலிருந்து எங்கள் சங்கத் தலைவருக்குச் சோறு இறங்கவில்லை. அதைவிடப் பெரிதாக எதையாவது கேட்டே ஆக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குப் பேப்பர் வாசிப்பது நான்தான். பாதிப் பள்ளிக்கூடம் படித்தவன் அந்த லயத்துக்குப் போதும். ஒரு மூலையில் விஞ்ஞானச் செய்தி. அணு உலைகளில் அணுவைப் பிளந்து, அந்தச் சூட்டில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆவியால் சக்கரம் சுற்றித்தான் மின்சாரம் எடுக்கிறார்களாம். இனி, கண்ணுக்குத் தெரியாத கரிக்குழாய்களையும் தங்கத்தையும் ஓடு மாதிரி அடுக்கி, அணுக்கதிர் பட்டதும் நேராக மின்சாரமாக மாற்றப் பார்க்கிறார்களாம்.

"அணுவ ஒடச்சி, கடைசியில வெந்நிதான் போடுறாங்களா?" என்றார் அக்கா.

தலைவர் வேறு யோசனையில் இருந்தார். மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்குமுன், எதிர்ச் சங்கத்தின் கம்பம் வேண்டாம், நமக்கு நேரடி அணு மின்சாரம்தான் என்று அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். பெரட்டில் தலைவர் பேசினால் கைதட்டுவது வழக்கம். எதற்கென்று பிறகு கேட்டுக்கொள்வார்கள்.

கம்பத்துக்கு அளக்க வந்த அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். பொறுமையாகச் சொன்னார். "ஐயா, அது இன்னும் ஆராய்ச்சிக் கூடத்தை விட்டே வெளிய வரேல்லை. எப்ப வருமெண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

"பரவால்லீங்க. எங்க தாத்தன் காலத்துலேருந்து எல்லாத்துக்கும் காத்துக்கிட்டுத்தான் இருக்கோம். இதையும் சேத்துக்கிடுறோம்" என்றார் தலைவர்.

அதிகாரி அளவு நாடாவைச் சுருட்டத் தொடங்கினார். அவருக்கு அடுத்த தோட்டம் இருந்தது. அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"தலைவரே, அந்த அணு கரண்டு காம்பராவுக்குள்ள எது வழியா வரும்?"

தலைவர் என்னைப் பார்த்தார். கம்பி வழியாகத்தான் என்றேன்.

"அப்ப கம்பத்தையும் கம்பியையும் இப்பவே வாங்கி வச்சிக்கிடுவோம். அணு வர்றப்ப மாட்டிக்கிடலாம்."

தலைவர் கடைசியில், அணு மின்சாரத்தின் முதற்கட்ட வேலையாகக் கம்பம் நடச் சம்மதிப்பதாக அதிகாரியிடம் தெரிவித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. இதைவிட மோசமான காரணங்களுக்கெல்லாம் கம்பம் நட்டிருப்பார்.

கரண்ட் வந்தது. பல்பைப் போடும்போதெல்லாம் தலைவர், இது தற்காலிகம் என்பார். ஏஜென்ட் ஹட்டனிலிருந்து வந்தான். அக்கா தோசை சுட்டுப் போட்டு, தான் வரவில்லை என்றார். அவன் இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, கையைக் கழுவிக்கொண்டு அடுத்த காம்பராவின் கதவைத் தட்டினான்.