அப்பா இறங்கிப் பார்த்த சைக்கிள்

சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் ஏறிப் பார்ப்பார்கள். என் அப்பா இறங்கிப் பார்த்தார். பண்டாரவளைக் கடை வாசலில் ஏறுவார், நாலடி போவார், இறங்குவார், மறுபடி ஏறுவார். கடைக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு ஏழு வயது. அப்பா செய்வதில் அர்த்தம் இல்லாமல் இராது என்று அடித்துச் சொல்கிற வயது.

அப்பாவுக்கும் அம்மாவின் தம்பியான மாமாவுக்கும் பதுளையில் அடுத்தடுத்து ஜவுளிக் கடைகள். தீபாவளிக்கு முன்னால் துணி மூட்டையோடு பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஏறி, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம் லயமாகப் போய் விற்றால்தான் பிழைப்பு. போன வருஷம் அப்பா நடந்து போய்ச் சேர்வதற்குள் வேறு வியாபாரிகள் விற்று முடித்திருந்தார்கள். பாதி மூட்டை அப்படியே திரும்பி வந்தது. இந்த வருஷமும் அப்படி ஆனால் கடையை மூட வேண்டியதுதான் என்று அம்மா அழுததை நான் கேட்டிருந்தேன்.

கூட வந்திருந்த மாமா உயரமான, பளபளக்கும் சைக்கிளை எடுத்தார். மெல்லிய டயர், பதுளைத் தெருவில் பறக்கும். அப்பா எடுத்ததற்குத் தடித்த டயர், தாழ்ந்த சீட். நடுவில் குறுக்குக் கம்பியே கிடையாது.

"அத்தான், இது வெள்ளைக்காரப் பொம்பளைங்க ஓட்டுற வண்டிங்க. ஊரே சிரிக்கும்."

"சிரிச்சா சிரிக்கட்டும். வேட்டிக்கு இதுதான் தோது," என்றார் அப்பா.

ஊர் சிரிக்கத்தான் செய்தது. சிரித்தவர்களோடு சண்டைக்குப் போனது நான்தான்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது இருவரும் கிளம்பினார்கள். அடம்பிடித்து நானும் அப்பாவின் மூட்டையோடு மூட்டையாகத் தொற்றிக்கொண்டேன். ஏற்றத்தில் தள்ளினோம். தோட்டத்து எல்லை தாண்டியதும் இறக்கம். முதல் வளைவு திரும்பினால் எதிரே குதிரையில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை. துரையைக் கண்டால் வண்டியை விட்டு இறங்கி, தலைப்பாகையைக் கழற்றி, ஓரமாக நிற்க வேண்டும். வெயில், மழை போல அதுவும் எனக்குச் சாதாரணம்.

அப்பா இறங்கிய அழகைப் பார்த்திருக்க வேண்டும்! வண்டி ஓடும்போதே ஒரு கால் தரையில். அடுத்த கணம் தலைப்பாகை கையில். மூட்டையும் நானும் அலுங்காமல் ஓரத்தில். துரை தலையை ஆட்டிவிட்டுக் கடந்தார். பின்னால் வந்த மாமாவின் வேட்டி குறுக்குக் கம்பியில் மாட்டிக்கொண்டது. துரை பக்கத்தில் வந்த பிறகும் அவர் சீட்டிலேயே தத்தளித்துக்கொண்டிருந்தார்.

"ஏய்! எறங்க மாட்டே? இனி இந்தத் தோட்டத்துக்குள்ள வராதே!" என்று கத்தினார் துரை.

மாமா எல்லைக்குத் திரும்பிப் போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அப்பா தன் மூட்டையை விற்று முடித்துவிட்டுத் திரும்பி வந்து, மாமாவின் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போய் விற்றுக் கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஊர் திரும்பியதும் தெருப் பிள்ளைகளைக் கூட்டினேன். விளக்குமாறுதான் சைக்கிள். ஓடி வந்து இறங்கினேன்; தலையில் சுற்றியிருந்த துண்டை உருவினேன்; ஓரமாகக் குனிந்து நின்றேன்.

"எங்கப்பா மாதிரி எறங்க பதுளையிலேயே ஆள் கெடையாது!"

பிள்ளைகள் கைதட்டினார்கள். கடை வாசலில் நின்றிருந்த அப்பா தட்டவில்லை. என் கையிலிருந்த துண்டை வாங்கி மடித்துக்கொண்டு, "போதும்மா, உள்ள வா," என்றார்.

எனக்குக் கோபமாக வந்தது. கடையையே காப்பாற்றிய வித்தை. அதில் அவருக்கு ஏன் ஒரு துளிப் பெருமைகூட இல்லை என்பது எனக்கு விளங்கவே இல்லை.