திரும்பி வந்த செக்கும் ஒரு டீக்கடையும்

போன வாரம், சாம்பார் சாதத்தில் கை வைத்த நேரம் பார்த்து செல்போன் கத்தியது. பேங்க் மெசேஜ். நீங்கள் போட்ட செக் திரும்பிவிட்டது, அதற்கான கட்டணமும் பிடித்துக்கொண்டோம் என்று சாரம். செக் கொடுத்தவர் எங்கோ நிம்மதியாக இருக்க, வாங்கியவனுக்கும் அபராதம்! இது எந்த ஊர் நியாயம்?

கொடுத்தவர் முனிரத்தினம். பள்ளிப்பட்டுப் பக்கம் எங்களுக்கு இருக்கிற சின்ன மாந்தோப்பை இந்த வருஷம் குத்தகைக்கு எடுத்த மாங்காய் வியாபாரி. மனுஷர் ரொக்கமாகத்தான் கொண்டுவந்தார். நான்தான், "செக்கா குடுத்துடுங்க, கணக்குக்கு நல்லது" என்று பெரிய மனுஷத்தனம் காட்டினேன்.

"கைக்கு வந்த துட்டை வாணாம்னு சொன்ன ஆளு இந்தத் திருத்தணியிலயே நீங்க ஒருத்தர்தாங்க" என்றாள் மனைவி.

முனிரத்தினத்துக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அதே கதை. போச்சுடா... ஆள் கம்பி நீட்டிவிட்டார் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

நேரே பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடை. அங்கே என் வக்கீல் நண்பர் இருப்பார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்!

"செக் ஏன் திரும்புச்சுன்னு பேங்க்ல மெமோ குடுப்பான். அது வந்த முப்பது நாளுக்குள்ள நோட்டீஸ் வுடணும். நோட்டீஸ் முனிரத்தினம் கைக்குப் போயி பதினஞ்சு நாள் டைம். அதுக்கும் மசியலன்னா கோர்ட்டுதான்!"

கோர்ட்டில் பேசிப் பழகிய குரல். கடை முழுக்கக் கேட்டது. அங்கே டீ குடிப்பவர்களில் பாதிப் பேர் தோப்புக்காரர்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அங்கிருந்து பேங்குக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் மெமோவைக் கையில் கொடுத்தார். படித்தேன். கணக்கில் பணம் இல்லை என்று அதில் இல்லை. கையொப்பம் வேறுபடுகிறது என்று இருந்தது!

சாயந்திரம் வாசலில் பைக் சத்தம். முனிரத்தினம். ஒரு கையில் பாஸ்புக், கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது.

"தோப்புல மரத்து மேல இருந்தேன் சார், போனு கீழ வண்டியில. எறங்கி வந்து பாத்தா டீக்கடையிலருந்து மூணு பேரு கூப்ட்டுகீறாங்க! அடுத்த வருஷம் தோப்பு தரேன்னு வாக்கு குடுத்தவரு, இப்ப யோசிச்சு சொல்றேன்றாரு. பேரு கெட்டா எனக்கு யாரு சார் தோப்பு குடுப்பாங்க? பாருங்க, துட்டு அப்டியேதான் கீது!"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. திரும்பி வந்த செக்கை அவரிடம் நீட்டினேன். ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தவர், தலையில் அடித்துக்கொண்டார்.

அவருக்கு இரண்டு அக்கவுன்ட். பள்ளிப்பட்டில் ஒன்று, அங்கே தமிழில் கையெழுத்து. ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியில் ஒன்று, அங்கே தெலுங்கில். எனக்குக் கொடுத்தது பள்ளிப்பட்டு செக். போட்டதோ தெலுங்குக் கையெழுத்து!

"அன்னிக்கு எங்க பாவா, அதான் மச்சான்கூட போன்ல தெலுங்குல பேசிகினே போட்டேன் சார். வாய் போன வழியில கையும் போயிடுச்சு."

என் மனைவி சிரிப்பை அடக்க உள்ளே ஓடினாள். முனிரத்தினம் புது செக் ஒன்றை எடுத்தார். "கொஞ்ச நேரம் யாரும் பேசாதீங்க" என்று உத்தரவு போட்டுவிட்டு, பரீட்சை எழுதும் பிள்ளையைப் போல நிதானமாகத் தமிழில் கையெழுத்துப் போட்டார்.

ஆகவே வாசகர்களே... செக் திரும்பினால் முதலில் மெமோவைப் படியுங்கள். கையெழுத்து, தேதி என்று ஏதாவது தகராறா? புது செக் வாங்கினால் முடிந்தது. பணம் இல்லை என்கிறதா? கொடுத்தவரிடம் பேசிவிட்டு, செக் தேதியிலிருந்து மூன்று மாதக் கெடுவுக்குள் அதே செக்கை மறுபடி போட்டுப் பார்க்கலாம். வக்கீல் அதற்கும் பிறகுதான். டீக்கடை? அந்தப் பக்கமே போகாதீர்கள்.

புது செக் போட்டு, பணமும் வந்துவிட்டது. அப்பாடா என்று இருந்தேன். முனிரத்தினம் போன் செய்தார்.

"துட்டு வந்துச்சா சார்?"

"ஆங், வந்துடுச்சுங்க."

"அப்ப டீக்கடைக்கு வாங்க."

நியாயம்தானே? செக் திரும்பினால் ஊருக்கே தெரிகிறது. பாஸானால் பேங்குக்கும் நமக்கும் மட்டும்தான் தெரிகிறது.

போனேன். டீக்கடை நடுவில் நின்று, பணம் வரவு வைக்கப்பட்ட மெசேஜை உரக்கப் படித்தேன். வக்கீல் நண்பருக்குத்தான் கொஞ்சம் வருத்தம். வாக்குக் கொடுத்த தோப்புக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரிப்பா, தை மாசம் வந்து அட்வான்ஸ் குடு" என்றார். முனிரத்தினத்தின் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது.

விட்டது தொல்லை என்று பெஞ்சில் உட்காரப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நகரிக்காரங்களும் நாலு பேரு கீறாங்க சார்... அப்டியே தெலுங்குலயும் ஒருவாட்டி சொல்லிடுங்க!"