ஆறே நாளில் இரண்டு கோடு

ரஞ்சிதாவின் இடது கையில் மரவள்ளிக்கிழங்கு, வலது கையில் கத்தி. நீளவாக்கில் ஒரு கீறு, கட்டைவிரலை உள்ளே கொடுத்து ஒரு நெம்பு. தோல் மொத்தமாகக் கழன்று வந்துவிடும். எங்கள் ஊரில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் அவளைவிட வேகமாகக் கிழங்கு உரிப்பவர்கள் இல்லை. அன்று மட்டும் அவள் குவியல்தான் சிறிது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அடிக்கடி எழுந்து போனாள். கரு கலைத்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

அது அவள் வேண்டாமென்று கலைத்த கரு அல்ல. கல்யாணமாகி நான்கு வருடம் கழித்துத் தங்கியது. மூன்றாம் மாத ஸ்கேனில் மண்டையோடு உருவாகவில்லை என்று தெரிந்தது. பிறந்தாலும் பிழைக்காது என்றார்கள். மார்கழி பிறந்ததும் ஆஸ்பத்திரியில் சேர்த்து, மாத்திரை கொடுத்துக் கலைத்தார்கள். கணவன் இளவழகன் போர்வெல் லாரியோடு ராய்ப்பூர் பக்கம் இருந்தான். ஆஸ்பத்திரியில் கூட இருந்தது மாமியார் கந்தம்மாளும் நானும்தான். நான் பக்கத்து வீட்டுக்காரி, நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள்.

மாலையில் ஆலையிலிருந்து திரும்பியவளை வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"இன்னும் ஒரு வாரம் படுத்திருந்தா ஆலை எங்கயாச்சும் ஓடிருமா?"

"ஊட்ல படுத்தா மோட்டுவளையையே பாத்துட்டுக் கெடக்கோணுமுங்க நர்சம்மா. அங்க கெழங்கையாச்சும் பாக்கலாம்."

டாக்டரம்மா அவளிடம் தெளிவாகத்தான் சொல்லி அனுப்பியிருந்தார். ரத்தப்போக்கு நிற்க வேண்டும், மாதவிலக்கு ஒழுங்காக வர வேண்டும். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை இப்போதே தொடங்கி மூன்று மாதமாவது விடாமல் சாப்பிட்ட பிறகுதான் அடுத்த குழந்தைக்கு முயல வேண்டும். அதுவரை ஆணுறை. கணக்குப் பார்த்தால் சித்திரை, வைகாசி ஆகும். வைகாசியில் இளவழகன் எந்தக் காட்டில் துளை போட்டுக்கொண்டிருப்பான் என்று யாருக்குத் தெரியும்? பொங்கலுக்கு வண்டி ஊர் வந்தால் பத்து நாள் இருக்கும். அதை விட்டால் வடக்கே மழை பிடிக்கும்போதுதான் திரும்பும். உடம்பு சரியாகும்போது புருஷன் இருக்க மாட்டான், புருஷன் இருக்கும்போது உடம்பு சரியாகியிருக்காது. எனக்கும் வழி தெரியவில்லை. "டாக்டர் சொன்னபடி செய்" என்று மட்டும் சொன்னேன்.

போகியன்று இளவழகன் வந்தான். ஆறாம் நாள் காலை ரஞ்சிதா ஓடிவந்து கர்ப்பம் பார்க்கும் அட்டையை என் முன்னால் நீட்டினாள். இரண்டு கோடு. வண்டி கிளம்புமுன் தெரிந்துகொண்டே போக வேண்டும் என்று அவன்தான் மெடிக்கலில் வாங்கி வந்திருக்கிறான். ஆணுறை பேச்சை யாரும் எடுக்கவே இல்லை போலிருக்கிறது.

மகனையும் இழுத்துக்கொண்டு கந்தம்மாள் பின்னாலேயே வந்துவிட்டாள். "பாத்தீங்களா நர்சக்கா? என்ற பையன் எங்க துளை போட்டாலும் தண்ணிதான்!"

"கொஞ்சம் வாயை மூடு கந்தம்மா. ஆறு நாள்ல எந்தக் கருவும் அட்டையில காட்டாது. கலைச்ச கருவோட ஹார்மோன் ரத்தத்துல இன்னும் மிச்சம் இருக்குது. அதத்தான் காட்டுது."

"ஏனுங்க நர்சம்மா, அட்டை பொய் சொல்லுமா?" என்றான் இளவழகன்.

"பொய் சொல்லல சாமி. பழசைச் சொல்லுது."

"உங்க வாயில நல்லதே வராதா?" என்று கந்தம்மாள் சீறினாள். ரஞ்சிதா என்னைப் பார்க்கவே இல்லை. அட்டையை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள். ரத்தப் பரிசோதனைக்குப் போகலாம் என்றேன். யாரும் கிளம்பவில்லை. வண்டிக்காரர்களுக்கெல்லாம் மிக்சரும் ஜாங்கிரியும் கொடுத்துவிட்டுத்தான் அவன் ஏறினான்.

அதன்பின் அவள் ஆலைக்குப் போகவில்லை. குடம் தூக்கவில்லை, குனியவில்லை. ஃபோலிக் ஆசிட் மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டாள். என் பேச்சில் அவள் காதில் ஏறியது அது ஒன்றுதான். "வாந்தி வருதுங்க நர்சம்மா" என்று ஒருநாள் மகிழ்ச்சியோடு சொன்னாள். வாந்தி நிஜமாகவே வந்தது.

தை முடிவதற்குள் ஒரு மத்தியானம் அவள் அலறும் சத்தம் கேட்டது. புடவையில் ரத்தம். ஆட்டோ பிடித்துத் திருச்செங்கோட்டுக்குக் கூட்டிப்போனோம். டாக்டரம்மா ஸ்கேன் பார்த்தார், அட்டையும் வைத்துப் பார்த்தார். ஒரு கோடுதான்.

"கர்ப்பப்பை சுத்தமா இருக்கு. இது மாதவிலக்கும்மா. திரும்ப வந்தது நல்லதுதான். மாத்திரையை விடாம சாப்பிடு" என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் ரஞ்சிதா என் கையைப் பிடித்தாள். "ரெண்டாவதும் போயிருச்சுங்களா?"

"போகல கண்ணு. வரவே இல்ல."

"வராததுக்கு அழுகலாமுங்களா?"

"அழு" என்றேன். அவளுக்கு அழுகை வரவில்லை. கந்தம்மாள்தான் சுவரைப் பார்த்துத் திரும்பி மூக்கைச் சிந்தினாள்.

வீட்டுக்கு வந்ததும் யார் அவனிடம் சொல்வது என்ற பேச்சு. நானே சொல்கிறேன் என்று போனை எடுத்த கந்தம்மாள், அது தொடர்பு எல்லைக்கு வெளியே என்றதும் நிம்மதியாகக் கீழே வைத்துவிட்டாள். பிறகு, "நர்சக்கா, நீங்க பக்குவமாச் சொல்லீருங்களேன்" என்றாள். வேண்டாம் என்று ரஞ்சிதா தலையாட்டினாள்.

மறுநாள் காலை நான் அவர்கள் வீட்டில் இருக்கும்போது அவனே கூப்பிட்டான். அவனுக்குப் பக்கத்தில் கம்ப்ரசர் ஓடும் சத்தம் எனக்கே கேட்டது. ரஞ்சிதா மெதுவாகச் சொன்னாள். அவனுக்குக் கேட்கவில்லை. வாசலுக்கு வந்து மறுபடி சொன்னாள். "என்ன? சத்தமாச் சொல்லு" என்றான். முந்தின நாளிலிருந்து ஊரில் யாருக்கும் தெரியக் கூடாதென்று அடக்கிப் பேசியவள் தெருவில் நின்று கத்தினாள்.

"கொழந்தை இல்லீங்க! அப்பவும் இல்ல, இப்பவும் இல்ல!"

பால் ஊற்ற வந்தவர் கேனோடு நின்றுவிட்டார். எதிர்வீட்டில் கோலம் போட்டவள் நிமிர்ந்தாள். அந்தப் பக்கம் கம்ப்ரசர் நின்றது. யாரோ இந்தியில் அவனைக் கூப்பிட்டார்கள்.

"செரி. சாப்பிடு. வெச்சர்றேன்" என்றான்.

அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு, பார்த்தவர்களைப் பார்க்காமல் தொட்டிக்குப் போய் முகம் கழுவினாள். நான் கந்தம்மாளின் அடுப்படிக்குப் போய்க் கஞ்சிக்கு உலை வைத்தேன்.