கைக்குப் போடாத இன்சூரன்ஸ்

போன வருஷம் தை மாதம், பொன்னமராவதியில் நான் வேலை பார்த்த கிரில் பட்டறையில் நடந்தது. இரும்புக் குழாய் அறுத்துக்கொண்டிருந்தபோது மெஷினின் சக்கரம் உடைந்து தெறித்து, என் வலது மணிக்கட்டைக் கிழித்துவிட்டது. ஆபரேஷன் செய்தார்கள். தையல் பிரித்து வெகுநாள் ஆகியும் விரல்கள் மடங்கவில்லை.

"நரம்பு போயிருச்சு தம்பி. இனிமே இந்தக் கையால கனமான வேலை பாக்க முடியாது" என்றார் டாக்டர்.

"அப்ப கலெக்டர் வேலைக்குப் போயிர்றேன் சார். எட்டாவதோட நின்னுட்டேன், பரவால்லயா?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்ற ஆத்தா சிரிக்கவில்லை. அப்பா இல்லாத வீடு. என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது, தங்கச்சியும் காலேஜ் போனாள்.

வெளியே வந்ததும் ஆத்தாவுக்கு ஞாபகம் வந்துவிட்டது. "ஏப்பா, நீ இன்சூரன்ஸ் போட்டியே, அதக் கேட்டா என்ன?"

போட்டது உண்மைதான். எப்படிப் போட்டேன் என்பதைச் சொன்னால் உங்களுக்கே சிரிப்பு வரும். ஆயுத பூஜை அன்று, மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்துப் பொரி கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஏஜென்ட் வந்தார். கை, கால் போனாலும் பணம் கிடைக்கும், அதையும் சேர்த்தால் பிரீமியம் கொஞ்சம்தான் கூட ஆகும் என்றார். முதலாளிக்கு முகம் மாறிவிட்டது.

"நல்ல நாளும் அதுவுமா மெஷினுக்கு முன்னாடி நின்னுகிட்டு கை போகும், கால் போகும்னு பேசாதீங்க சார்! சாவுக்கு மட்டும் எழுதிட்டுப் போங்க. அது எல்லாருக்கும் வர்றதுதானே?"

எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வரிசையாகக் கையெழுத்துப் போட்டோம்.

இருந்தாலும் ஒரு நப்பாசையில் ஏஜென்ட்டைப் போய்ப் பார்த்தேன். என் கையைப் பார்த்ததும் தலைகுனிந்துகொண்டார். "அன்னைக்கே சேத்திருந்தா ஒரு தொகை வந்திருக்கும் தம்பி. சின்னதா ஒரு கடையாவது வச்சிருக்கலாம்."

வீட்டு வாசலிலேயே காத்திருந்தாள் ஆத்தா. "என்னப்பா சொன்னாரு?"

"பணம் வேணும்னா நான் ஒரு தடவ செத்துட்டு வரணுமாம் ஆத்தா."

வேறு நாளாக இருந்தால் விளக்குமாற்றைத் தூக்கியிருப்பாள். அன்று சோற்றைப் பிசைந்து என் வாயில் ஊட்டினாள்.

இப்போது தங்கச்சி காலேஜை விட்டுவிட்டு ஜவுளிக்கடைக்குப் போகிறாள். அவள் பஸ் ஏறும்போது மட்டும் எனக்குக் கிண்டல் வருவதில்லை. சாவுக்குக்கூடப் பயப்படாமல் கையெழுத்துப் போட்ட எனக்கு, சாகாமல் கிடந்தால் யார் சோறு போடுவது என்று ஒரு நிமிஷம் யோசிக்கத் தோன்றவில்லையே என்பதுதான், புண் ஆறிய பிறகும் ஆறாமல் இருக்கிறது.