மச்சானின் ஹோல்டான்

என் மச்சானுக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒன்றே ஒன்றுதான். ஹோல்டான். பஸ்ஸில் கண்டக்டர் போடுவாரே, அதே ஹோல்டான்.

மச்சான் என் பெண்டாட்டிக்கு அண்ணன். கட்டடம் கட்டுகிற இடத்தில் நான் கிரேன் ஓட்டுகிறேன், அவர் எனக்குச் சிக்னல்மேன். பதினெட்டு வருஷமாக. நான் உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவர் வாக்கிடாக்கியில் சொல்வார், நான் இறக்குவேன்.

அந்த ஒரு சொல்லை மனுஷன் போடாத இடம் கிடையாது. போனில் யாராவது கூப்பிட்டால் ஹோல்டான், கொஞ்சம் இரு என்று அர்த்தம். மகளுக்குச் சைக்கிள் பழக்கியபோது பின்னாலேயே ஓடிக்கொண்டு ஹோல்டான் ஹோல்டான் என்று கத்தினார், கெட்டியாகப் பிடி என்று அர்த்தம். சாப்பாட்டுத் தட்டுக்கு மேல் கையை விரித்து ஒரு ஹோல்டான், போதும். யாராவது அளந்துவிட்டால் புருவத்தைத் தூக்கி ஒரு ஹோல்டான், நிறுத்தப்பா உன் அளப்பை. அவருடைய அப்பா ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறியபோது காதோடு குனிந்து அதையேதான் சொன்னார். அந்த அர்த்தம் பக்கத்தில் நின்ற நர்ஸுக்கே விளங்கிவிட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெரியவர் அதற்கப்புறம் நாலு வருஷம் எங்களை எல்லாம் ஏசிக்கொண்டு திடமாக இருந்தார்.

கிரேனிலும் அதே கதை. நீட்டிச் சொன்னால் வேகத்தைக் குறை. வெட்டிச் சொன்னால் அப்படியே நில். இரண்டு தடவை சொன்னால் கொஞ்சம் மேலே தூக்கு. எனக்கு எல்லாம் தண்ணிபட்ட பாடு. எங்களைப் போல ஒரு ஜோடி எந்த சைட்டிலும் இல்லை என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தேன்.

வினை என் கடைவாய்ப்பல்லில் வந்தது. பிடுங்கிவிட்டு மூன்று நாள் வீட்டில் படுத்தேன். பதிலுக்கு வந்த ஆபரேட்டருக்கு மச்சான் பேசுவது ஒரு மண்ணும் விளங்கவில்லை. மூன்று நாளும் கிரேன் சும்மா நின்றது. திரும்பிப் போனதும் இன்ஜினியர் பிடிபிடி என்று பிடித்தார். இனி எந்தச் சிக்னல்மேனும் எந்த ஆபரேட்டரோடும் வேலை செய்தாக வேண்டுமாம். வெளியிலிருந்து ஒருவர் வந்து டெஸ்ட் வைப்பார். பாஸானால் அட்டை கிடைக்கும். இல்லாவிட்டால் மச்சான் சிமென்ட் கிடங்கில் போய் உட்கார வேண்டியதுதான். காற்றிலும் வெயிலிலும் அண்ணாந்து நின்றே பழகிய மனுஷன், கிடங்கு என்றதும் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார்.

படிக்க ஒரு புஸ்தகம் கொடுத்தார்கள். தூக்க ஹாய்ஸ்ட், இறக்க லோயர், நிற்க ஸ்டாப். லோடு அசைந்துகொண்டிருக்கிற வரைக்கும் சிக்னல்மேன் வாய் ஓயக்கூடாது, லோயர் லோயர் லோயர் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் போட்டிருந்தது. ஏன் என்று நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

என் பெண்டாட்டி பயிற்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். மூன்றாவது மாடி பால்கனியில் கீழே பார்க்காமல் நின்று, கயிற்றில் கட்டிய வெங்காய வாளியை இறக்குவாள். அண்ணன் தெருவில் நின்று சொல்ல வேண்டும். வாய் தவறி ஹோல்டான் வந்தால் வாளி நிற்காது.

"எனக்கு அந்தப் பாஷை தெரியாதுண்ணே. புஸ்தகத்துல இருக்கறத சொல்லு."

இரண்டு தடவை வெங்காயம் தெரு முழுக்க உருண்டது.

டெஸ்ட் அன்றைக்குக் காலையில் வந்தவர் ஒல்லியான ஆள், பேச்சே இல்லை, கையில் பேனா. கிரேனில் ஏறியது வேறு கம்பெனிப் பெண். நம் பாஷையில் ஒரு சொல்கூடத் தெரியாது. நான் தரையில் நின்றேன். கூண்டுக்குள் எப்போதும் வேலையாக இருக்கிற இரண்டு கையையும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

கம்பிக்கட்டு ஒன்றைச் சுவரைத் தாண்டி, சுண்ணாம்பில் போட்ட கட்டத்துக்குள் இறக்க வேண்டும். மச்சான் லோயர் லோயர் என்று ஆரம்பித்தார். முதலில் நாக்கு இடறியது, அப்புறம் சீராக ஓடியது. கம்பிக்கட்டு பூனை மாதிரி இறங்கியது. எனக்கு விசிலடிக்கலாம் போலிருந்தது.

அப்போது பெயின்டர் ஒருவர் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, ஏணியைப் பின்பக்கமாக இழுத்தபடி கட்டத்துக்குள் வந்துவிட்டார்.

"ஹோல்டான்!"

எனக்கு உயிரே போய்விட்டது. புஸ்தகச் சொல் போச்சு, அட்டை போச்சு, அந்தப் பெயின்டரும் போனார் என்று நினைத்தேன்.

லோடு நின்றது. பெயின்டர் தலைக்கு மேல் இரண்டு ஆள் உயரத்தில், அசையாமல் நின்றது. தரையில் நிழலைப் பார்த்த பிறகுதான் அவர் ஏணியைப் போட்டுவிட்டு ஓடினார். மச்சான் மறுபடி லோயர் சொல்லி, கட்டத்துக்குள் அட்சரசுத்தமாக இறக்கிவைத்தார்.

டெஸ்ட் வைக்க வந்தவர் என்னமோ எழுதிக்கொண்டு, அந்தப் பெண்ணைக் கீழே வரச்சொன்னார். அவள் ஏணியில் இறங்கி வருவதற்குள் நான் பத்து தடவை செத்துப் பிழைத்தேன். அவளிடம் இங்கிலீஷில் கேட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"இவர் கத்தின கத்துல என்ன சொன்னாருன்னே அவங்களுக்குப் புரியலையாம். லோயர் லோயர்ங்கற குரல் நின்னுச்சு, அதனால நிறுத்திட்டாங்க. வாய் ஓயக்கூடாதுன்னு புஸ்தகத்துல போட்டிருக்கறது அதுக்குத்தான்." பேனாவை மூடினார். "சொல் தப்பு, மார்க் குறைச்சிருக்கேன். ஆனா ஆள் உள்ள வந்ததை முதல்ல பார்த்தது இவர்தான். பாஸ்."

மச்சான் கம்பிக்கட்டு மேலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். நான் விசிலடித்தேன். அடித்திருக்கக் கூடாது. வந்தவர் என்னைப் பார்த்தார்.

"நீங்கதான் இவரோட ஆபரேட்டரா? இவர் ஹோல்டான்னு சொன்னா நீங்க என்ன செய்வீங்க?"

"அது அவர் எப்படிச் சொல்றாருங்கறதைப் பொறுத்தது சார்" என்றேன், பெருமையாக.

மூடின பேனாவை மறுபடி திறந்தார். எனக்கு வியாழக்கிழமை டெஸ்ட், அதுவரை நான் கிரேனில் கால் வைக்கக் கூடாது. மச்சான் சிரித்த சிரிப்பில் ஹெல்மெட் கழன்று உருண்டது. "நல்லா படி மாப்ளே" என்றார்.

அன்று மதியமே அந்தப் பெண்ணும் அவரும் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் பதினாலு லோடு. வெயிலில் கத்துகிறாரே என்று தண்ணீர் பாட்டிலைக் கொண்டுபோய் நீட்டினேன். லோயர் லோயர் என்று சொல்லிக்கொண்டே வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். லோடு தரையில் உட்காரும்வரை ஒரு வாய் குடிக்கவில்லை.